மேசன் தோற்ற வியாழக்கிழமை

2009 ஜூலை. வாஷிங்டனில் அமெரிக்க செனட்டின் நீதிக்குழு முன்னால் சோனியா சோட்டோமேயர் உட்கார்ந்திருக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவரை நியமிக்கலாமா கூடாதா என்று நாள்கணக்கில் கேள்வி மேல் கேள்வி. அரசியல் சாசனம், துப்பாக்கி உரிமை, இட ஒதுக்கீடு என்று எல்லாம் கேட்டு முடித்த நேரத்தில் அல் ஃப்ராங்கனின் முறை வருகிறது. நகைச்சுவை நடிகராக இருந்து செனட்டரானவர், பதவியேற்று சில நாள்தான் ஆகியிருந்தது. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: பெர்ரி மேசன் தொடரில் அரசு வக்கீல் பர்கர் ஜெயித்த அந்த ஒரே வழக்கு எது?

சோட்டோமேயருக்கு ஞாபகம் வரவில்லை. அவையில் சிரிப்பு. இதற்குக்கூட உங்களைத் தயார் செய்து அனுப்பவில்லையா என்று ஃப்ராங்கன் கிண்டலடித்தார்.

அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது, எனக்கும் விடை தெரியாது. இத்தனைக்கும் பள்ளி நாட்களில் தெருமுனை வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் புத்தகங்களை வரிசையாக முடித்தவன் நான். மாவட்ட நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த என் மாமா அந்தப் புத்தகங்களைப் பார்த்தாலே சிரிப்பார். "கோர்ட்டுல இப்படி யாருடா எந்திரிச்சு நின்னு நான்தான் கொன்னேன்னு சொல்றான்?" என்பார்.

விடையைத் தேடப் போய்க் கடைசியில் நான் வந்து நின்றது வேறு இடத்தில். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

எத்தனை முறை தோற்றார்?

முதலில் தொடரைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1957 செப்டம்பர் 21 முதல் 1966 மே 22 வரை, 271 எபிசோடுகள். மேசனாக ரேமண்ட் பர். காரியதரிசி டெல்லா ஸ்ட்ரீட்டாக பார்பரா ஹேல், துப்பறிவாளர் பால் டிரேக்காக வில்லியம் ஹாப்பர். ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகும் மாவட்ட அரசு வக்கீல் ஹாமில்டன் பர்கராக வில்லியம் டால்மன்.

கதையின் சட்டகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் பாதியில் நாலைந்து பேருக்குப் பகையுள்ள ஒருவர் செத்துப்போவார். தப்பான ஆளைப் போலீஸ் பிடிக்கும். அந்த ஆள் மேசனிடம் வருவார். இரண்டாம் பாதி நீதிமன்றத்தில். குறுக்கு விசாரணையில் மேசன் ஒவ்வொரு ஆணியாக அடிக்க அடிக்க, சாட்சிக்கூண்டில் இருப்பவரோ பார்வையாளர் வரிசையில் இருப்பவரோ உடைந்துபோய்க் குற்றத்தை ஒத்துக்கொள்வார். அமெரிக்க வக்கீல்கள் மத்தியில் அப்படிப்பட்ட தருணத்துக்கு இன்றைக்கும் 'பெர்ரி மேசன் தருணம்' என்றுதான் பெயர்.

271 எபிசோடுகளில் மேசன் தோற்றதாக ரசிகர்கள் கணக்கில் வைத்திருப்பது மூன்று.

ஒன்று, 1958 ஜூன் 21 அன்று ஒளிபரப்பான 'மிரண்டுபோன தட்டச்சுக்காரி'. இது கார்ட்னரின் 1956 நாவலில் இருந்து வந்தது. ஜூரி வந்து 'குற்றவாளி' என்கிறது. ஆனால் கூண்டில் நின்றவர் அந்தப் பெயருக்குரிய ஆளே இல்லை, ஆள்மாறாட்டம் என்று மேசன் காட்டுகிறார். தீர்ப்பு தீர்ப்புதான், ஆனால் யாருக்கு எதிரான தீர்ப்பு? இதைத் தோல்வி என்பதா, வித்தை என்பதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இரண்டாவது, 1963 மே மாதம் வந்த ஒரு எபிசோட். அதன் ஆரம்பத்திலேயே மேசன் ஒரு சிவில் வழக்கில் தோற்றுவிடுகிறார். கொலை வழக்கு இல்லை, அதனால் பர்கர் கணக்கில் சேராது.

மூன்றாவதுதான் உண்மையான தோல்வி. 1963 அக்டோபர் 3 அன்று ஒளிபரப்பானது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'உயிர் குடிக்கும் தீர்ப்பு'. கட்சிக்காரர் ஜானிஸ் பார்ட்டன். அந்த வேடத்தில் நடித்தவர் ஜூலி ஆடம்ஸ். 1954-ல் வந்த 'கருப்புக் குளத்து ஜந்து' படத்தின் கதாநாயகி என்றால் பழைய படம் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை. ரேமண்ட் பர் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. "நீங்க எப்படி எல்லா கேஸும் ஜெயிக்கிறீங்க?" என்று ஒரு ரசிகை கேட்க, "அம்மா, நான் சனிக்கிழமை நடத்துற கேஸை மட்டும்தானே நீங்க பார்க்கிறீங்க" என்றாராம். தொடர் முதல் ஐந்து ஆண்டுகள் சனிக்கிழமை இரவில்தான் வந்தது. 1962-ல் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். 1963 அக்டோபர் 3 ஒரு வியாழக்கிழமை! அவர் விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டது.

ஜூரி இல்லாத நீதிமன்றம்

இந்த எபிசோட் ஏன் வித்தியாசமானது என்று புரிய, மற்ற எபிசோடுகளில் நடப்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

மேசன் வாதாடுகிற காட்சிகளை உற்றுக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலானவற்றில் ஜூரி இருக்காது. ஏனென்றால் அது விசாரணையே இல்லை. கலிபோர்னியாவில் கொலை போன்ற பெருங்குற்ற வழக்கு முழு விசாரணைக்குப் போவதற்கு முன், நீதிபதி ஒருவர் முன்னிலையில் முதல்நிலை விசாரணை நடக்கும். குற்றம் நடந்திருக்கிறது, இவர் செய்திருக்கலாம் என்று நம்ப ஓரளவு காரணம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் 'கமிட்டல்' விசாரணை என்று ஒன்று சாட்சிகளோடு நடந்தது. 1973 சட்டம் வந்து அதைச் சுருக்கியது. கிட்டத்தட்ட அந்த மாதிரி.

நிஜ வக்கீல்கள் இந்தக் கட்டத்தில் வாயைத் திறக்கவே யோசிப்பார்கள். அரசுத் தரப்பிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதோடு சரி, தன் கையில் இருப்பதைக் காட்ட மாட்டார்கள். மேசன் மட்டும்தான் முழு யுத்தத்தையும் அங்கேயே நடத்துவார். தயாரிப்பாளர்களுக்கு இதில் ஒரு வசதி: ஜூரிப் பெட்டியில் உட்கார 12 துணை நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம். கதைக்கும் வசதி: ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம், ஜூரி யோசிக்கப் போய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் இந்த வசதியால் பார்வையாளர் மனதில் என்ன பதிந்தது என்று யோசியுங்கள். 271 எபிசோடுகளில் பெரும்பாலானவற்றில் 'குற்றவாளியா இல்லையா' என்ற கேள்வி 12 சாதாரண மனிதர்களிடம் போகவே இல்லை. அவர்கள் தப்பாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எழ இடமே இல்லை. உண்மையான கொலைகாரர் தானே எழுந்து நின்றுவிட்டால் அப்புறம் தீர்ப்பு எதற்கு? நிரபராதி தப்பிக்கிறார், காரணம் நீதிமன்றம் சரியாக வேலை செய்தது என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் நீதிமன்றம் வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மேசன் வழக்கை முடித்துவிட்டிருப்பார்.

தீர்ப்பிலிருந்து தொடங்கும் கதை

1963 அக்டோபர் 3 எபிசோட் இதைத் தலைகீழாக்குகிறது. வழக்கமாகக் கடைசியில் வர வேண்டிய தீர்ப்பு ஆரம்பத்திலேயே வருகிறது. ஜூரி இருக்கிறது. ஜூரி 'குற்றவாளி' என்கிறது. ஜானிஸ் பார்ட்டனுக்கு மரண தண்டனை. கலிபோர்னியாவில் அன்றைக்கு அதற்கு அர்த்தம் விஷவாயு அறை.

மேசன் எப்படித் தோற்றார் என்பதுதான் கதையின் முள். பர்கர் சூழ்ச்சி செய்யவில்லை. நீதிபதி ஓரவஞ்சனை செய்யவில்லை. ஜானிஸ் தன் வக்கீலிடமே முழு உண்மையைச் சொல்லவில்லை. வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, அதேதான். அவர் மறைத்தது எது, ஏன், நிஜக் கொலைகாரர் யார் என்பதை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. மேசன் கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறார், ஜானிஸ் பிழைத்துவிடுகிறார். அது தொடரின் தர்மம், அதை மட்டும் சொல்லிவிடலாம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த ஒரு எபிசோடில் கடிகாரம் இருக்கிறது. மற்றவற்றில் மேசன் தோற்றால் என்ன ஆகும் என்று நாம் யோசிப்பதே இல்லை. இதில் தோற்றாயிற்று. இனி ஒவ்வொரு நாளும் கணக்கு. தான் நிரபராதி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், மேசனுக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவள் கொலைகாரி. 'தெரியும்' என்பதற்கும் 'தீர்ப்பு' என்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் என்பதை இந்தத் தொடர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைய கலிபோர்னியா

அதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த அமெரிக்கர்களுக்கு, குறிப்பாகக் கலிபோர்னியாக்காரர்களுக்கு, இது வெறும் கதை கிடையாது. இங்கேதான் நான் எதிர்பார்க்காத வரலாறு கிடைத்தது.

தொடர் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு, 1957 மார்ச் 15. சான் குவென்டின் சிறையில் பர்ட்டன் அபட் என்பவரை விஷவாயு அறைக்குள் கொண்டுபோகிறார்கள். ஒரு சிறுமியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். கடைசிவரை தான் செய்யவில்லை என்றே சொன்னவர். கடைசி நேரத்தில் அவரது வக்கீல்களின் முறையீட்டை ஏற்று ஆளுநர் குட்வின் நைட் தண்டனையைச் சற்று நேரம் நிறுத்தச் சொன்னார். சிறைக்குத் தொலைபேசி அழைப்பு போனபோது வாயு ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. சில நிமிட வித்தியாசம்.

1960 மே 2. அதே சிறை, அதே அறை. கேரில் செஸ்மன். 12 ஆண்டு மரண தண்டனைக் கைதியாக இருந்து, சிறையிலிருந்தே புத்தகங்கள் எழுதி உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். கூட்டாட்சி நீதிபதி லூயிஸ் குட்மன் கடைசி நேரத்தில் சிறிது அவகாசம் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவரது காரியதரிசி சிறைக்கு எண் சுழற்றியபோது எண் தவறிவிட்டது. மறுபடி சுழற்றி இணைப்புக் கிடைப்பதற்குள் வாயு விடப்பட்டுவிட்டது.

இந்த இருவரும் குற்றவாளிகளா இல்லையா என்பது வேறு விவாதம், நான் அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வருவது தொலைபேசியைப் பற்றி மட்டும். ஒரு உயிர் இருப்பதும் போவதும் ஒரு எண்ணைச் சரியாகச் சுழற்றுவதில் போய் நின்றது.

பெண் என்பதால் ஜானிஸ் தப்பித்துவிடுவாள் என்றும் அன்றைய பார்வையாளர் நினைத்திருக்க முடியாது. 1955-ல் பார்பரா கிரகாம் அதே அறையில் இறந்தார். அவர் கதை 1958-ல் படமாகி, அதில் நடித்த சூசன் ஹேவர்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1962 ஆகஸ்டில் எலிசபெத் டங்கன். அதாவது ஜானிஸ் பார்ட்டன் திரையில் தண்டிக்கப்படுவதற்கு 14 மாதம் முன்னால்தான் ஒரு நிஜப் பெண் அதே தண்டனையில் இறந்திருந்தார்.

அப்போது ஆளுநர் பாட் பிரவுன். மரண தண்டனை கூடாது என்று நம்பியவர். 1960-ல் அதை ஒழிக்கவே சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். குழுவில் ஒரே ஓட்டில் தோற்றார். தன் 8 ஆண்டு ஆட்சியில் 59 பேரின் உயிர் அவர் கையில் வந்தது. 23 பேரின் தண்டனையைக் குறைத்தார், 36 பேரைப் போக விட்டார். இந்தக் கணக்கைப் பற்றிப் பின்னாளில் அவரே ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு கருணை மனுவும் அவர் மேசைக்கு ஒரு கட்டுக் காகிதமாக வந்து சேரும். மேசன் மாதிரி யாரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, இதோ நிஜக் கொலைகாரர் என்று நிறுத்தப் போவதில்லை.

செம்பட்டை முடிக்காரர்

சரி, இவ்வளவும் கார்ட்னருக்குத் தெரியாமலா 271 எபிசோடுகளுக்குத் தலையாட்டினார்?

நன்றாகவே தெரியும். அவர் நிஜ வக்கீல். சட்டக் கல்லூரியில் கொஞ்ச நாள்தான் இருந்தார், மிச்சத்தை வக்கீல் அலுவலகங்களில் உட்கார்ந்து படித்தார். 1911-ல் கலிபோர்னியாவில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு ஆக்ஸ்னார்ட், வென்ச்சுரா ஊர்களில் தொழில் செய்தார். ஆக்ஸ்னார்டில் யாரும் கண்டுகொள்ளாத சீனக் குடியேறிகள் பலர் அவரது கட்சிக்காரர்கள். மேசன் வரும் முதல் நாவல் 1933-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 43. அதுவரை பகலில் கோர்ட், இரவில் மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை.

1940-களில் லாஸ் ஏஞ்சலஸ் வக்கீல் ஒருவர் அவரிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். வில்லியம் மார்வின் லிண்ட்லி. வடக்குக் கலிபோர்னியாவில் ஓர் இளம்பெண்ணைக் கொன்றதாக மரண தண்டனை. இறக்கும் முன் அந்தப் பெண் செம்பட்டை முடிக்காரர் ஒருவரைக் குறிப்பிட்டாள். லிண்ட்லிக்குச் செம்பட்டை முடி. ஏழை, படிக்காதவர், தனக்காகப் பேசத் தெரியாதவர். போதாதா?

கார்ட்னர் செய்தது மேசன் செய்யாத வேலை. யாரையும் கூண்டில் ஏற்றி மடக்கவில்லை. வழக்கின் சாட்சியப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்று சாட்சி சாட்சியாக அட்டவணை போட்டார். அரசுத் தரப்புச் சாட்சிகள் சொன்ன நேரங்களையே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், சாட்சி பார்த்த அந்தச் செம்பட்டை முடிக்காரர் லிண்ட்லியாக இருக்க முடியாது என்று வந்தது. அதை எழுதி மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் ஆளுநருக்கும் அனுப்பினார். தண்டனை நிறுத்தப்பட்டது, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் உயிர் மிஞ்சியது.

அந்தத் தண்டனையைக் குறைத்த ஆளுநர் எர்ல் வாரன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இந்த அனுபவத்திலிருந்துதான் கார்ட்னர் 1948-ல் 'ஆர்கசி' பத்திரிகையோடு சேர்ந்து 'கடைசிப் புகலிட நீதிமன்றம்' என்ற குழுவைத் தொடங்கினார். சட்ட மருத்துவத்துக்கு லெமாய்ன் ஸ்னைடர், பொய் கண்டறியும் கருவிக்கு லியோனார்ட் கீலர், துப்பறிய ரேமண்ட் ஷிண்ட்லர். சிறையில் இருந்து தான் நிரபராதி என்று எழுதுகிறவர்களின் வழக்குகளை எடுத்து ஆராய்ந்து பத்திரிகையில் வெளியிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 1935-ல் ஆயுள் தண்டனை பெற்ற கிளாரன்ஸ் பாகி 1948 கடைசியில் வெளியே வந்தது இவர்கள் முயற்சியால்தான். 13 வருடம் போய்விட்டது. இதைப் பற்றி கார்ட்னர் எழுதிய புத்தகத்துக்கு அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது கிடைத்தது. அவரது 80-க்கும் மேற்பட்ட மேசன் நாவல்களில் எதற்கும் கிடைக்காத விருது அது!

ஆக, ஒரே மனிதர் இரண்டு நீதிமன்றங்களை நடத்திக்கொண்டிருந்தார். ஒன்றில் நிரபராதி ஒரு மணி நேரத்தில் வெளியே வருவார். இன்னொன்றில் பெட்டி பெட்டியாகக் காகிதம், பல வருடம், கடைசியில் பாதி நீதி. 1957-ல் இரண்டுமே தொலைக்காட்சிக்கு வந்தன. 'கடைசிப் புகலிட நீதிமன்றம்' என்ற பெயரிலேயே என்பிசி ஒரு தொடர் போட்டது. அது ஒரு பருவத்தோடு நின்றது. மேசன் 9 பருவம் ஓடினார். மக்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வேலை முடிந்து வந்து உட்காருகிறவனுக்கு பாகியின் 13 வருடத்தைப் பார்க்கத் தெம்பு இருக்குமா?

அதனால்தான் 1963-ன் அந்த எபிசோடை நான் ஒரு விளம்பர உத்தியாக மட்டும் பார்க்கவில்லை. மேசன் தோற்கப் போகிறார் என்று சேனல் முன்கூட்டியே தம்பட்டம் அடித்தது உண்மைதான். இருந்தாலும், அந்த இரண்டு நீதிமன்றங்களும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே அறையில் கூடிய மாதிரி எனக்குப் படுகிறது.

1963-ல் இன்னும் இரண்டு தீர்ப்புகள்

இப்போது எர்ல் வாரனுக்கு வருவோம். லிண்ட்லியின் உயிரைக் காப்பாற்றிய அதே ஆளுநர் 1953-ல் அமெரிக்காவின் தலைமை நீதிபதி ஆனார். அவரது நீதிமன்றம் 1963-ல், இந்த எபிசோட் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, இரண்டு தீர்ப்புகளைச் சொன்னது.

மார்ச் 18 அன்று கிடியன் வழக்கு. பெருங்குற்ற வழக்கில் மாட்டிய ஏழைக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாநில அரசே வக்கீல் கொடுக்க வேண்டும் என்றது. கிளாரன்ஸ் கிடியன் சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவில் தொடங்கியது இது. மறுவிசாரணையில், இந்த முறை வக்கீலோடு, அவர் விடுதலையானார். மே 13 அன்று பிரேடி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்கும்போது, அவருக்குச் சாதகமான ஆதாரம் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை மறைக்கக் கூடாது என்றது.

இந்த இரண்டையும் அந்த எபிசோடுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிடியன் வக்கீலைக் கொடுத்தது. பிரேடி அரசிடம் இருக்கும் காகிதத்தைக் கொடுத்தது. ஜானிஸ் பார்ட்டனுக்கு ஊரிலேயே சிறந்த வக்கீல் இருந்தார், பர்கரும் எதையும் பதுக்குகிற ஆள் இல்லை. அப்படியும் தீர்ப்பு தப்பாகப் போனது. பயமோ வெட்கமோ யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமோ, எதனாலோ ஒரு நிரபராதி வாயை மூடிக்கொண்டால் எந்தத் தீர்ப்பாலும் அதைத் திறக்க முடியாது. சட்டம் எவ்வளவு திருந்தினாலும் அதற்குள் நடமாடுகிறவர்கள் மனிதர்கள்தான்.

நீதிமன்றம் விடுவித்த பிறகும்

தொடரை எடுத்தவர்களுக்கே இது அனுபவத்தில் வந்தது. 1960 மார்ச்சில் வில்லியம் டால்மன், அதாவது நம் பர்கர், ஒரு விருந்தில் நடந்த போலீஸ் சோதனையில் கைதானார். சிபிஎஸ் அவரை உடனே நீக்கியது. ஜூனில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதற்குப் பிறகும் சேனல் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. ரேமண்ட் பர், தயாரிப்பாளர் கெயில் பாட்ரிக் ஜாக்சன், கார்ட்னர், அப்புறம் கடிதம் எழுதிய ரசிகர்கள் எல்லோரும் விடாமல் கேட்டதால் ஆண்டுக் கடைசியில் திரும்பி வந்தார். திரையில் ஒவ்வொரு வாரமும் நிரபராதியிடம் தோற்கிற அரசு வக்கீல், நிஜத்தில் நீதிமன்றம் விட்ட பிறகும் மாதக்கணக்கில் தண்டனை அனுபவித்தார்.

கடைசியாக ஒரு விஷயம். அந்த எபிசோடில் மேசன் உண்மையைக் கண்டுபிடித்ததும் ஜானிஸ் தப்பித்துவிடுகிறாள். பார்க்கிற நமக்கு அது இயல்பாகத் தெரிகிறது: நிரபராதி என்று தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன? 30 வருடம் கழித்து, 1993-ல், டெக்சாஸ் மரண தண்டனைக் கைதி லியோனல் ஹெரேரா இதே கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். தான் நிரபராதி என்பதற்குப் புதிய ஆதாரம் இருக்கிறது என்றார். பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதன் சாரம் இது: விசாரணை முறைப்படி நடந்திருந்தால், பிறகு கிடைத்த நிரபராதி ஆதாரம் மட்டுமே கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடப் போதுமான காரணம் ஆகாது, அதற்குத்தான் ஆளுநரின் கருணை அதிகாரம் இருக்கிறது. அந்த மே மாதமே ஹெரேராவுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் சொன்னது உண்மையா என்பது வேறு. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கார்ட்னர் தன் குழுவுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீதிமன்றங்கள் எல்லாம் முடிந்த இடத்தில் அவருடையது ஆரம்பித்தது. 1992-ல் நியூயார்க்கில் தொடங்கி, மரபணுச் சோதனையை வைத்து நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையிலிருந்து மீட்ட 'இன்னசன்ஸ் ப்ராஜெக்ட்' அமைப்பு நிற்பதும் அதே இடத்தில்தான்.

இப்போது ஃப்ராங்கனின் கேள்விக்கு வருகிறேன். பர்கர் ஜெயித்த ஒரே வழக்கு எது? 'மிரண்டுபோன தட்டச்சுக்காரி' என்பார்கள் சிலர், 'உயிர் குடிக்கும் தீர்ப்பு' என்பார்கள் சிலர். என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஆனால் பர்கர் ஜெயித்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு அவர் ஒரு நிரபராதியைத்தான் மரண தண்டனைக்கு அனுப்பினார்.

பர்கர் மேல் கோபம் வேண்டாம். சோட்டோமேயரின் மனதில் தங்கிப்போன காட்சி வேறொன்று. ஒரு எபிசோடில் மேசனிடம் தோற்ற அரசு வக்கீல், தன் வேலை நீதி கிடைக்கச் செய்வதுதான், நிரபராதி விடுதலையானாலும் அந்த வேலை நடந்ததாகத்தான் அர்த்தம் என்ற பொருளில் பேசுகிறார். அதே செனட் விசாரணையில் இதை நினைவுகூர்ந்தார் சோட்டோமேயர். 1979-ல் சட்டப் படிப்பு முடித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்த முதல் வேலையும் மன்ஹாட்டனில் அரசு வக்கீல் வேலைதான். மேசனைப் பார்த்து வளர்ந்தவர் பர்கராகத் தொடங்கினார்.

என் மாமா இப்போது இருந்திருந்தால் இந்த எபிசோடை மட்டும் போட்டுக் காட்டியிருப்பேன். யாரும் எழுந்து நிற்காத அந்த முதல் காட்சியை, ஜூரி வந்து சொல்லிவிட்டுப் போவதை, அவர் கண்டிப்பாக ஒத்துக்கொண்டிருப்பார்.